வந்த பந்து, போன பந்து: கைப்பந்து ஆட்டக்காரர்களை இடவாரியாக மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கம் வார இறுதிகளில் நடக்கும் கைப்பந்துப் போட்டிகளில் சிறந்த ஆட்டக்காரர் கிண்ணம் யாருக்குப் போகும் என்று இறுதியாட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம். பந்தை ஓங்கி அடிப்பவருக்குத்தான். அவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த செட்டரும், அந்தச் செட்டரின் கைக்கு நேராகப் பந்தை இறக்கிக் கொடுத்த பின்வரிசைக் காப்பாளரான லிபரோவும் கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கிண்ணம் போனால் போகட்டும். பயிற்றுநரும் அதே கண்ணோடு பார்த்தால் அணித் தேர்வும் பயிற்சித் திட்டமும் சேர்ந்து கெடுகின்றன. அதுதான் கவலை.

பள்ளி அணியைப் பொறுப்பேற்ற ஆசிரியர்கள், மாலை நேரத்தில் இளைஞர்களைக் கூட்டிப் பயிற்சி தரும் அண்ணன்மார், சிறு கிளப்புகளின் பயிற்றுநர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கட்டம் போட்ட தாள், பென்சில், கைப்பேசி, அதை நிறுத்த ஒரு முக்காலி போதும். பின்பற்ற வேண்டிய விதியும் ஒன்றுதான்: ஓர் ஆட்டக்காரரின் தொடுகைக்கு மதிப்பெண் போடும் முன், அவருக்கு எப்படிப்பட்ட பந்து வந்தது என்பதை முதலில் எழுதுங்கள். போன பந்தை மட்டும் பார்ப்பவர் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்.

முதல் படி: எண்ணையும் பொறுப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வலையிலிருந்து 3 மீட்டரில் தாக்குதல் கோடு. வலது பின்மூலை 1, அதற்கு நேர் முன்னே 2, வலையை ஒட்டி நடுவில் 3, இடது முன்பக்கம் 4, இடது பின்பக்கம் 5, பின்வரிசை நடுவில் 6. சர்வ் நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர்கிறார்கள். ஆக, எண் மாறிக்கொண்டே இருக்கும், பொறுப்பு மாறாது. மதிப்பிட வேண்டியது பொறுப்பை.

பெரும்பாலான அணிகள் ஒரே செட்டரை வைத்து ஆடுகின்றன. அவருக்கு மூலைவிட்டமாக நின்று, வலது ஓரத்திலிருந்து அடிப்பவர் ஆப்போசிட். இடது ஓரத்திலிருந்து அடிக்கும் இரண்டு அவுட்சைடு ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் மூலைவிட்டத்தில், வலையின் நடுவில் தடுக்கவும் அடிக்கவும் செய்யும் இரண்டு மிடில்களும் அப்படியே. மிடில் பின்வரிசைக்குப் போகும்போது அவருக்குப் பதிலாக லிபரோ உள்ளே வருகிறார். லிபரோ என்ற பொறுப்பு அனைத்துலக ஆட்டத்துக்குள் வந்தது 1998இல்தான். அதற்கு முன்னால் உயரமான மிடில்களும் பின்வரிசையில் குனிந்து பந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சிறியதாகத் தோன்றும் ஒரு விவரம் இங்கே கணக்கையே மாற்றிவிடும். செட்டர் முன்வரிசையில் இருக்கும்போது வலையருகே அடிப்பவர்கள் இருவர்தான். அவர் பின்வரிசைக்குப் போனால் மூவர். இருவர் மட்டும் அடிக்கும் சுற்றுகளில் எதிரணித் தடுப்பாளர்களின் வேலை எளிது. அந்தச் சுற்றுகளில் அடிக்கும் அவுட்சைடு ஆட்டக்காரரின் எண்கள் இறங்கத்தான் செய்யும். உங்கள் தாளில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் செட்டர் முன்னே என்றால் ‘மு’, பின்னே என்றால் ‘பி’ என்று போட்டுவிடுங்கள். இரண்டு வினாடி வேலை.

இரண்டாம் படி: குறிகளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

தொழில்முறை அணிகள் பயன்படுத்தும் இத்தாலிய மென்பொருளான டேட்டா வாலி, ஒவ்வொரு தொடுகைக்கும் ஆறு தரக்குறிகளை வைத்திருக்கிறது. பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து கையால் எழுதுபவருக்கு ஆறு அதிகம். நான்கு போதும்.

சர்வ் எடுப்பதற்கு, அதாவது எதிரணியின் சர்வை வாங்கிச் செட்டரிடம் சேர்ப்பதற்கு, 0 முதல் 3 வரை. செட்டர் நின்ற இடத்திலேயே நின்று எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய பந்து என்றால் 3. செட்டர் சில அடிகள் நகர வேண்டியிருந்து, மிடிலுக்குக் கொடுப்பது கடினமாகிவிட்டால் 2. யாரோ ஓடிப்போய் ஓரத்துக்கு உயரமாகத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் 1. புள்ளி போய்விட்டால் 0. நேராக வலையைத் தாண்டி எதிரணியின் கையில் விழுந்த பந்துக்கு எண் போடாமல் ஒரு சாய்கோடு போடுங்கள்; அது வேறு வகைப் பிழை, வேறு பயிற்சி கேட்பது.

அடிப்பதற்கு மூன்று முடிவுகள்: புள்ளி, ஆட்டம் தொடர்ந்தது, இழப்பு. வெளியே போனதும் வலையில் சிக்கியதும் தடுப்பில் பட்டு நம் பக்கமே விழுந்ததும் இழப்புதான். புள்ளிகளிலிருந்து இழப்புகளைக் கழித்து மொத்த முயற்சிகளால் வகுத்தால் தாக்குதல் திறன் கிடைக்கும்.

வந்த பந்தைக் குறிக்க மூன்று எழுத்துகள்: நல்லது ‘ந’, சுமார் ‘சு’, மோசம் ‘மோ’. ஆக ஒரு தொடுகை ‘பி, மோ, இழப்பு’ என்று மூன்றே குறிகளில் அடங்கிவிடும். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினால் ஆட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம்.

மூன்றாம் படி: சர்வ் எல்லாருக்கும் பொது

லிபரோவைத் தவிர அனைவரும் சர்வ் போடுகிறார்கள் என்பதால் இதை இடவாரியாகப் பிரிக்க வேண்டாம். ஆனால் நேரடிப் புள்ளிகளையும் பிழைகளையும் மட்டும் எண்ணுவது ஏமாற்றும். எதிரணி அந்தச் சர்வை எப்படி எடுத்தது என்பதுதான் மதிப்பெண். அவர்களின் எடுப்பு மதிப்பெண்ணை 3இலிருந்து கழியுங்கள். அவர்கள் 1 எடுத்தால் உங்கள் ஆட்டக்காரருக்கு 2. பிழையைத் தனியாக எழுதுங்கள். நேரடிப் புள்ளி ஒன்றுகூட எடுக்காமல் எதிரணிச் செட்டரை ஆட்டம் முழுக்க ஓடவிட்டவர் இந்தக் கணக்கில்தான் வெளிச்சத்துக்கு வருவார்.

உத்தியில் பார்க்க வேண்டியது முதலில் பந்தை மேலே எறியும் விதம். எறிதல் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் இருந்தால் மற்றவை சரிசெய்யக்கூடியவை. எறிதல் அலைந்தால் தோளையும் மணிக்கட்டையும் திருத்துவதில் பயனில்லை. மிதக்கும் சர்வ், அதாவது பந்து சுழலாமல் போக வேண்டிய சர்வ், போடுபவரின் பந்து சுழல்கிறதா என்று காணொளியை நிறுத்திப் பாருங்கள். சுழன்றால் கை பந்தின் நடுவில் படவில்லை.

நம் ஊரில் இன்னொன்று. பல பள்ளிகளின் ஆடுகளம் திறந்தவெளிச் சிமெண்டுத் தரை. கடற்காற்று வீசும் மாலையில் ஒரு பக்கத்திலிருந்து போடும் மிதக்கும் சர்வ் தானாக ஆடும். மறுபக்கத்திலிருந்து போட்டால் கோட்டைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு செட்டுக்கும், தீர்மான செட்டில் 8 புள்ளியிலும் பக்கம் மாறுவதால், எந்தப் பக்கத்திலிருந்து போட்டார் என்பதையும் எழுதாவிட்டால் காற்றுக்கு மதிப்பெண் போட்டதாக ஆகிவிடும். மண்டபத்துக்குள் ஆடினால் இந்தத் தொல்லை இல்லை.

நான்காம் படி: இடவாரியாகப் பாருங்கள்

செட்டர்

மதிப்பிடக் கடினமானவர் இவர்தான். ஆகையால் அதிக நேரம் இவருக்கே ஒதுக்குங்கள். செட்டர் கொடுத்த பந்தில் எத்தனை புள்ளி வந்தது என்று எண்ணும் பழக்கம் இருக்கிறது. பக்கத்தில் வலுவான அடிப்பவர் இருந்தால் அந்த எண் தானாக ஏறும். அது செட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அதற்குப் பதிலாக, செட்டர் தூக்கிய பந்தை அடிக்கும்போது எதிரே எத்தனை தடுப்பாளர்கள் இருந்தார்கள் என்று எழுதுங்கள்: 0, 1, 2, 3. செட்டருக்கு வந்த பந்து எடுப்பின் தரம். அவரிடமிருந்து போன பந்து தடுப்பாளர்களின் எண்ணிக்கை. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நல்ல எடுப்பு 14 முறை வந்து, அதில் 9 முறை அடிப்பவர் இரண்டு தடுப்பாளர்களைச் சந்தித்திருந்தால், அந்தச் செட்டரின் எண்ணத்தை எதிரணி முன்கூட்டியே படித்துவிடுகிறது. மோசமான எடுப்பில் இரண்டு தடுப்பாளர்கள் வருவது இயல்பு. அங்கே அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு: ஓடிப்போய்த் தூக்கிய அந்தப் பந்து வலையிலிருந்து அடிக்கத் தோதான தூரத்தில், வலையின் ஓரத்தில் நிற்கும் கம்பான ஆன்டெனாவின் அருகே வந்து இறங்கியதா, அல்லது வலையோடு ஒட்டிப் போய்த் தடுப்பாளருக்கு விருந்தானதா?

உத்தியில் நான் முதலில் பார்ப்பது கால்களை. பந்து வந்து சேரும் முன் அவர் வந்து சேர்ந்துவிட்டாரா? 2க்கும் 3க்கும் இடைப்பட்ட இடத்துக்கு வந்து, வலப்பக்கம் வலை இருக்க, தோளும் இடுப்பும் 4ஆம் இடத்தை நோக்கியிருந்தால் எதிரணி மிடிலால் எதையும் யூகிக்க முடியாது. அடுத்தது பந்தைத் தொடும் இடம். நெற்றிக்கு மேலே ஒரே புள்ளியில் தொட்டு முன்னாலும் பின்னாலும் கொடுப்பவர் நல்ல செட்டர். பின்பக்கம் கொடுக்க நினைக்கும்போதெல்லாம் முதுகை முன்னதாகவே வளைப்பவர் எதிரணிக்குத் தகவல் அனுப்புகிறார். காணொளியில், பந்து அவர் கைக்கு வருவதற்குச் சற்று முன் படத்தை நிறுத்தி, ‘எங்கே கொடுக்கப் போகிறார்?’ என்று அணியினரைக் கேளுங்கள். பத்து முறையில் எட்டு முறை சரியாகச் சொல்லிவிட்டால் வேலை இருக்கிறது. உலக அளவில் இதற்குப் பார்க்க வேண்டியவர் நம் அண்டை நாட்டுக்காரர்: தாய்லாந்துப் பெண்கள் அணியில் நீண்டகாலம் செட்டராக இருந்த நுத்சரா தோம்கோம். உயரத்தில் தங்களைவிட மிஞ்சிய அணிகளுக்கு எதிராக அந்த அணி விரைவான ஆட்டத்தால் ஈடுகொடுத்ததில் அவர் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

உங்கள் தாளில் செட்டருக்கு இரண்டு சிறு பத்திகள் கூடுதலாக வேண்டும். ஒன்று, 2ஆம் இடத்தில் அவரது தடுப்பு. பல அணிகளில் முன்வரிசையிலேயே குட்டையானவர் அவர்தான் என்பதால் எதிரணி அந்தப் பக்கமே அடிக்கும். மற்றொன்று விதிமீறல்: பின்வரிசையில் இருக்கும்போது, வலைக்கும் தாக்குதல் கோட்டுக்கும் இடைப்பட்ட முன்பகுதியில் நின்று, முழுதாக வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிரணிப் பக்கம் தட்டிவிடுவது. இளம் செட்டர்கள் பரபரப்பில் இதைச் செய்வார்கள். திறமைக் குறைவு என்று எழுதாதீர்கள். சுழற்சியை மனத்தில் வைத்திருக்கவில்லை என்று எழுதுங்கள்.

மிடில்

இவரது தாக்குதல் எண் எப்போதும் அணியிலேயே அழகாக இருக்கும். ஆறு முயற்சி, நான்கு புள்ளி, இழப்பு இல்லை. பார்ப்பவர் மயங்குவார். ஆனால் அந்த ஆறும் 3 மதிப்பெண் எடுப்பிலிருந்து வந்தவை. சுமாரான பந்து மிடிலுக்குப் போவதே இல்லை. அவுட்சைடு ஆட்டக்காரரோடு இவரை ஒப்பிடுவது நியாயமல்ல.

மிடிலின் உழைப்பில் பெரும்பகுதி பந்து வராத முயற்சிகளில் இருக்கிறது. நல்ல எடுப்பு வந்த ஒவ்வொரு முறையும் அவர் சரியான நேரத்தில் காற்றில் இருந்தாரா என்று ஆம், இல்லை என ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழும்பியதும் எதிரணி மிடிலும் கூடவே எழும்பினாரா? எழும்பியிருந்தால், ஓரத்தில் அடித்தவருக்கு ஒரே தடுப்பாளர் மிஞ்சியதற்குக் காரணம் இவர். புள்ளிப் பலகையில் அது ஏறாது. உங்கள் தாளில் ஏற வேண்டும்.

தடுப்பில் புள்ளியாக முடிந்தவற்றை மட்டும் எண்ணுபவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். தடுப்பில் பட்ட பந்து அணியின் மூன்று தொடுகைகளில் சேராது. எனவே கையில் பட்டு வேகம் தணிந்து பின்னால் போன பந்து, முழு மூன்று தொடுகையோடு திருப்பித் தாக்கும் வாய்ப்பு. அப்படிப்பட்ட தொடுகைகளைத் தனிப் பத்தியில் எண்ணுங்கள். மாறாக, கையில் பட்டு வெளியே சிதறிப் போனவற்றையும் எண்ணுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம், கைகள் வலையைத் தாண்டி எதிரணிப் பக்கம் நுழைகின்றனவா அல்லது மேலே மட்டும் நீள்கின்றனவா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

கண்களையும் பாருங்கள். எதிரணி எடுத்த பந்து, பிறகு செட்டர், பிறகு தூக்கிய பந்து, பிறகு அடிப்பவர் என்ற வரிசையில் பார்வை போக வேண்டும். பந்தையே கடைசிவரை பார்ப்பவர் எப்போதும் அரை நொடி தாமதமாகப் போவார். ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது பக்கத்துத் தடுப்பாளரோடு இடைவெளி இல்லாமல் மூடுகிறாரா, இறங்கியவுடன் தாக்குதல் கோட்டை நோக்கிப் பின்வாங்கி அடுத்த தாக்குதலுக்குத் தயாராகிறாரா என்பன மீதி. இறங்கிய இடத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கும் மிடில்களை நம் பள்ளி ஆட்டங்களில் நிறையவே காணலாம்.

அவுட்சைடு

இவருக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள் தேவை. ஒன்று சர்வ் எடுப்பது, மற்றொன்று அடிப்பது. எதிரணி பெரும்பாலும் இவரைக் குறிவைத்துத்தான் சர்வ் போடும்; எடுத்த கையோடு ஓடிப்போய் அடிக்கவும் வேண்டும். எடுப்பு மோசமாக இருந்த ஆட்டத்தில் எல்லாப் பந்தும் உயரமாக இவரிடமே வந்து சேரும்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஓர் அவுட்சைடு ஆட்டக்காரர் 20 முறை அடித்து 8 புள்ளி எடுத்தார். 3 வெளியே, 2 தடுப்பில். திறன் 0.15. சுமார்தான் என்று விட்டுவிடத் தோன்றும். வந்த பந்தை வைத்துப் பிரியுங்கள். நல்ல பந்து 8இல் 5 புள்ளி, 1 இழப்பு: திறன் 0.50. மோசமான பந்து 12இல் 3 புள்ளி, 4 இழப்பு: பூச்சியத்துக்கும் கீழே. இவருக்கு அடிக்கத் தெரியும். மோசமான பந்திலும் புள்ளியைத் தேடுவதுதான் சிக்கல். அங்கே தடுப்பாளரின் கையில் மெதுவாகப் பட்டுத் திரும்பச் செய்து மறுபடி ஆட்டத்தைக் கட்டுவது, விரலில் உரசி வெளியே போகச் செய்வது, பின்மூலைக்கு ஆழமாகத் தள்ளுவது ஆகியவற்றைப் பழக வேண்டும். 0.15 என்ற ஒற்றை எண் இதில் எதையும் சொல்லாது.

உத்தி: வலக்கைக்காரரின் கடைசி இரண்டு அடிகள் வலது, இடது என்று முடிய வேண்டும், பந்து அவருக்கு முன்னால் இருக்க வேண்டும். பந்துக்கு அடியில் ஓடிப்போய்விடுபவர்களின் அடி எப்போதும் நீளமாகப் போகும். எடுத்தவுடன் வெளிப்பக்கம் விரிந்து ஓடி வருகிறாரா அல்லது எடுத்த இடத்திலிருந்து நேராக வருகிறாரா என்பதையும் பாருங்கள். நேராக வருபவருக்கு அடிக்கக்கூடிய திசைகள் குறைந்துவிடும்.

ஆப்போசிட்

சுருக்கமாகவே சொல்லலாம். பெரும்பாலும் சர்வ் எடுக்கும் கடமை இவருக்கு இல்லை. எனவே எடுப்பு எண்ணை இவர் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்வரிசையில் 2ஆம் இடத்திலிருந்தும் பின்வரிசையில் 1ஆம் இடத்திலிருந்தும் அடிப்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். பின்வரிசையிலிருந்து அடிக்கும்போது தாக்குதல் கோட்டை மிதித்தாரா என்று பாருங்கள். செட் 20 புள்ளியைத் தாண்டிய பிறகு அவர் அடித்தவற்றைத் தனி வரியில் கூட்டுங்கள், ஏனென்றால் அந்நேரத்துப் பந்துகளைச் சுமக்கத்தான் அணியில் இருக்கிறார். தடுப்பில் இவர் எதிர்கொள்வது எதிரணியின் 4ஆம் இடத்தை, அதாவது அதிகப் பந்துகள் வரும் திசையை. இடக்கைக்காரர் கிடைத்தால் 2ஆம் இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே செட்டரிடமிருந்து வரும் பந்து அவர் உடலைத் தாண்டாமல் நேராக அடிக்கும் கைக்கு வருகிறது.

லிபரோ

எடுப்பின் சராசரிதான் முதல் எண். ஆனால் அதோடு நிற்கக்கூடாது. எதிரணி எங்கே சர்வ் போடுகிறது என்று ஆடுகளப் படத்தில் புள்ளி வையுங்கள். லிபரோ நிற்கும் பகுதியைச் சுற்றி வெறுமையாக இருந்தால், அவரைக் கண்டு எதிரணி ஒதுங்குகிறது. குறைவான முயற்சிகளைக் காட்டும் தாளைப் பார்த்து ‘லிபரோவுக்கு வேலையே இல்லை’ என்று பேசுபவர்கள் உண்டு. அந்த வெறுமைதான் அவரது நற்சான்றிதழ்.

எடுப்பின் உத்தியில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்தால் பாதி தெரிந்துவிடும்: பந்தைத் தொட்ட கணத்தில் பாதங்கள் நின்றிருந்தனவா? நகர்ந்துகொண்டே கையை வீசுபவரின் பந்து எங்கும் போகலாம். அடுத்தது முன்கைகளின் கோணம் செட்டரை நோக்கி இருந்ததா என்பது. இருவருக்கும் நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று குரல் கொடுத்தாரா என்பதையும் எண்ணுங்கள். தமிழோ மலாயோ, எந்த மொழியில் கூப்பிட்டாலும் சரி, பந்து வலையைத் தாண்டும் முன் குரல் வந்ததா என்பதே கணக்கு.

பின்வரிசைக் காப்பில், தடுப்பு மூடிய பக்கத்தில் ஒளிந்து நின்றாரா, திறந்திருந்த பக்கத்தில் நின்றாரா என்று எழுதுங்கள். தடுப்பே இல்லாமல் வந்த அடியைத் தவறவிட்டதற்கும் மெதுவாகத் தட்டிவிட்ட பந்தைத் தவறவிட்டதற்கும் ஒரே மதிப்பெண் போடக்கூடாது. வந்த பந்து வேறு. செட்டரே முதல் பந்தை எடுக்க நேர்ந்தால் இரண்டாவது பந்தை லிபரோ தூக்குவது வழக்கம். முன்பகுதிக்குள் நின்று விரல்களால் தூக்கினால், அந்தப் பந்து முழுதாக வலைக்கு மேலே இருக்கும்போது சக ஆட்டக்காரர் அடிக்க முடியாது. கோட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பி, காற்றிலேயே தூக்கப் பழகியிருக்கிறாரா என்று பாருங்கள். பள்ளி அணிகளில் இதைச் செய்யும் லிபரோ கிடைத்தால் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: காணொளி எடுங்கள்

கைப்பேசியைப் பக்கவாட்டில் வைக்காதீர்கள். பெற்றோர் எடுக்கும் காணொளிகள் எல்லாம் பக்கவாட்டில்தான் இருக்கும். அதில் அவர்கள் மகன் அடிப்பது தெரியும், தடுப்பில் இருந்த இடைவெளி தெரியாது. கடைக்கோட்டுக்குப் பின்னால், நடுவில், முடிந்த அளவு உயரத்தில் வையுங்கள். மண்டபத்து மேடையோ மேல்மாடமோ இருந்தால் நல்லது. பூப்பந்துக் கோடுகளும் கைப்பந்துக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தரையில் தாக்குதல் கோடு எது என்று படத்தில் குழம்பும்; ஆட்டம் தொடங்கும் முன் அந்தக் கோட்டின் இரு முனையிலும் வண்ண ஒட்டுத்தாள் வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எண்களை நம்பும் முன் சோதியுங்கள்

ஒரே செட்டை இரண்டு பேர் தனித்தனியாகக் காணொளியில் பார்த்துக் குறிக்கட்டும். தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் 2க்கும் 1க்கும் இடையில்தான் சண்டை வரும். யார் சரி என்று வாதாடுவதை விட்டுவிட்டு, வரையறையை இன்னும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ‘மிடிலுக்குக் கொடுக்க முடிந்திருக்குமா’ என்ற ஒரே கேள்வியை வைத்துப் பிரித்தால் இந்தச் சண்டை பெருமளவு அடங்கும்.

ஐந்தாறு முயற்சிகளை வைத்து யாரையும் தீர்மானிக்காதீர்கள். குறைந்தது மூன்று ஆட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள், அதிலும் எதிரணியின் தரம் ஒன்றுபோல இருந்ததா என்று கவனியுங்கள். எல்லா எண்களையும் கூட்டி ஆளுக்கு ஒரு மொத்த மதிப்பெண் போட்டுத் தரவரிசை ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். செட்டரையும் லிபரோவையும் ஒரே தராசில் வைத்தால் தராசுதான் கெடும். மிடிலை மிடிலோடும், முடிந்தால் அவரை அவருடைய சென்ற மாத எண்ணோடும் ஒப்பிடுங்கள்.

வயதையும் பாருங்கள். பெரியவர்களின் ஆட்டத்தில் சர்வ் எடுக்கும் அணிக்குத்தான் முதல் தாக்குதல் கிடைப்பதால் புள்ளியும் பெரும்பாலும் அவர்களுக்கே போகும். சிறுவர் ஆட்டத்தில் இது தலைகீழ். சர்வை ஒழுங்காக வலைக்கு மேல் அனுப்பும் அணியே வென்றுவிடும். ஆகவே அங்கே சர்வும் எடுப்பும்தான் எடை மிகுந்தவை. தமிழ்ப்பள்ளியில், அதாவது தொடக்கப்பள்ளியில், படிக்கும் மாணவர்களுக்கு இடவாரி மதிப்பீடே வேண்டாம் என்பது என் கருத்து. பன்னிரண்டு வயதில் உயரமாக இருக்கிறான் என்பதற்காக ஒரு பையனை மிடிலில் நிறுத்திவிடுகிறோம். இடைநிலைப்பள்ளியில் மற்றவர்கள் வளர்ந்து அவனைத் தாண்டிவிடுவார்கள். அப்போது அவனால் மிடிலிலும் நிற்க முடியாது, சர்வ் எடுக்கவும் தெரியாது. மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் ஒரு கிண்ணத்துக்காக இதைச் செய்கிறோம் என்பதுதான் எரிச்சல்.

ஏழாம் படி: ஆட்டக்காரரிடம் சொல்லுங்கள்

தாளை அப்படியே நீட்டாதீர்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மூன்று காணொளித் துண்டுகளை வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போக வேண்டும்:

“தம்பி, இந்த மூன்று பந்தையும் பார். எங்கே நின்று குதித்தாய்?”

“பந்துக்குப் பின்னால்தான், சார்.”

“இன்னொரு முறை மெதுவாக ஓட்டிப் பார்.”

“அடியில் போய்விட்டேன், சார். அதனால்தான் வெளியே போகிறதா?”

அவனாகக் கண்டுபிடித்ததை நீங்கள் மறுபடி விளக்க வேண்டியதில்லை. அடுத்த இரண்டு வாரப் பயிற்சியில் கடைசி இரண்டு அடிகளுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். பிறகு அதே குறிகளால் மறுபடி அளவெடுங்கள். திட்டுவதைக் கூட்டத்தின் நடுவில் செய்யாதீர்கள். வேலிக்கு வெளியே அவன் அப்பாவும் மாமாவும் நின்றுகொண்டிருப்பார்கள்.

தனி ஆளாக இருந்தால்

உதவிக்கு யாரும் இல்லாமல் அணியையும் நடத்திக்கொண்டு குறிப்பும் எடுக்க வேண்டிய போட்டி நாட்கள் வரும். அன்றைக்கு இரண்டை மட்டும் எழுதுங்கள். நம் அணி எடுத்த ஒவ்வொரு சர்வுக்கும் 0 முதல் 3 வரை ஓர் எண், அதன் பக்கத்தில் எடுத்தவரின் சட்டை எண். அந்தப் பந்தை அடித்தவரின் எதிரே நின்ற தடுப்பாளர்களின் எண்ணிக்கை, அதன் பக்கத்தில் அடித்தவரின் சட்டை எண். எடுப்பவர்கள், செட்டர், அடிப்பவர்கள் எல்லாரும் இந்த இரண்டு வரிகளில் ஓரளவு தெரிந்துவிடுவார்கள். மிடிலின் தடுப்பையும் லிபரோ நின்ற இடத்தையும் இரவு காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் தாளைப் படம் பிடித்து வைத்துவிடுங்கள். திறந்தவெளி ஆடுகளத்தில் மாலை மழை வந்தால் பென்சில் எழுத்து தப்பும், தாள் தப்பாது.